தலையணை நழுவிய கிறிஸ்மஸ் தாத்தா

உலகத்திலேயே ஒல்லியான கிறிஸ்மஸ் தாத்தா கருங்கல் என்கிற ஊரில், எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சிவப்பு அங்கிக்குள் ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொடியில் காயப்போட்ட துணி காற்றில் இறங்கி நடந்து வருவது மாதிரி வருவார். வயிற்றுக்கு ஒரு தலையணை. அது போதாமல் அதன்மேல் இன்னொன்று. இரண்டையும் பழைய வேட்டியால் வரிந்து கட்டி, மேலே ஒரு பெல்ட்டும் போடுவார். இவ்வளவு ஏற்பாடு செய்தும், கேரல் கோஷ்டி நாலு வீடு ஏறி இறங்குவதற்குள் வயிறு நழுவ ஆரம்பித்துவிடும். முதலில் இடுப்புக்கு வரும். பிறகு தொடைக்கு. தெருமுனை வீட்டில் ஆடும்போது முழங்காலில் தொப்பை வைத்திருக்கிற ஒரே தாத்தாவாக நிற்பார்.

ஒரு வருஷம் அது மொத்தமாகவே கீழே விழுந்துவிட்டது. ஒரு வீட்டு நடுமுற்றத்தில், மேளம் உச்சத்தில் இருக்கும்போது.

"அம்மா, தாத்தாவுக்க வயிறு விழுந்துட்டு!" என்று ஒரு பொடிசு அலறியது.

தாத்தா ஆட்டத்தை நிறுத்தவில்லை. குனிந்து, வயிற்றை எடுத்து, மண்ணைத் தட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஒண்ணுமில்ல மக்கா. எல்லா வீட்டுலயும் கேக்கு தந்தினும். பாரம் தாங்கல்ல" என்றார். அந்தக் குழந்தை அடுத்த நாள் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லையாம், தன் வயிறும் விழுந்துவிடும் என்ற பயத்தில்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் கிரேன். கரண்டு பில் போட வருகிறவரும் "கிரேன் வீடு எது?" என்றுதான் கேட்பார். வளைகுடாவில் பல வருஷம் கிரேன் ஓட்டியவர். ஆளும் அதே அமைப்பு. நெட்டையாக மேலே போய், கழுத்துக்கு மேல் கொஞ்சம் முன்னால் வளைந்திருப்பார். பேசும்போது நாம் அண்ணாந்து பார்க்க, அவர் மேலிருந்து எதையோ இறக்குவது போல வார்த்தையை இறக்குவார்.

கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் இருப்பார். கீழே ஒருவன் நின்று கையால் சைகை காட்டுவான். கட்டைவிரல் மேலே போனால் தூக்கு. உள்ளங்கை கீழே பார்த்து அசைந்தால் பைய இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. எஞ்சின் சத்தம் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. அதனால் ஊருக்கு வந்த பிறகு வாயைவிடக் கையை நம்பினார். பின்னால் எடுக்கிற பஸ்ஸுக்குக் கை காட்டுவார். பஸ் அவருக்காகக் காத்திருக்கவும் செய்யும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவனைப் பார்த்து உள்ளங்கையை அசைப்பார். கரண்டி இறங்கும். கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். திடீரென்று முஷ்டியை மூடுவார். கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும். வரிசை முழுக்க இலையில் கை வைத்தபடி காத்திருக்கும்.

"அண்ணே, ஊத்தவா வேண்டாமா?"

"பைய இறக்குடே. சோத்துக்கு அடிபடப்பிடாது."

அவர் மனைவி போனபோதும், பெட்டியைக் குழிக்குள் இறக்க அவர்தான் கை காட்டினார். கயிறு பிடித்த நாலு பேரும் அவர் கையை மட்டுமே பார்த்தார்கள். பெட்டி ஒரு பக்கமும் சாயவில்லை. கடைசியில் முஷ்டியை மூடிக் காட்டினார். அன்றைக்கு அந்தக் கையை அவர் வெகுநேரம் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். மகன் பெங்களூரில். மகள் கடல் கடந்து, ஒரு குளிர் நாட்டில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மழை உண்டா, மாத்திரை போட்டீங்களா, வைக்கட்டா. அவ்வளவுதான். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஓட்டிலும் ஒரே மாதிரிதான் தண்ணீர் விழும். ஆனால் ஆள் இல்லாத வீட்டில் விழுகிற மழைக்கு வேறு சத்தம் உண்டு. எதிர்வீட்டில் இருந்துகொண்டு அந்தச் சத்தத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

கிரேனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. பொம்மைக் கிறுக்கு.

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி கடை. உள்ளே போனால் இடது சுவர் முழுக்க ரோஸ், வலது சுவர் முழுக்க நீலம். யார் நுழைந்தாலும் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "ஆம்பளப் பிள்ளைக்கா, பொம்பளப் பிள்ளைக்கா?" பதில் சொன்னதும் ஆளை அந்தந்தச் சுவரின் பக்கம் திருப்பி விடுவார். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவதைவிடக் கண்டிப்பான ஏற்பாடு. இந்தக் கடையின் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு கிரேன் உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் அழைத்ததில்லை.

ஒருநாள் நான் இருக்கும்போதே ஒருவர் அவசரமாக வந்தார். பிறந்தநாளுக்குப் போகிற அவசரம்.

"அஞ்சு வயசுப் பொண்ணு. நல்லதா ஒரு கிஃப்ட்."

கடைக்காரர் ரோஸ் பக்கம் கையை நீட்டினார். அதற்குள் மேலிருந்து குரல் இறங்கியது. "யாருக்க பொண்ணு?"

"எனக்க அண்ணனுக்க மோளு."

"அது என்னத்த வெச்சி வெளையாடும்?"

"பொம்பளப் பிள்ளைல்லா அண்ணே, பொம்மைதான்."

"பொம்பளப் பிள்ளையான்னு நான் கேக்கல்ல. அந்தப் பிள்ள என்னத்த வெச்சி வெளையாடும்னு கேட்டேன்."

வந்தவர் தலையைச் சொறிந்தார். ஓடிவிடலாம் என்றால் வாசலில் கிரேனின் கால்கள் நீண்டு கிடந்தன. அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணனுக்குத் தெரியவில்லை. அண்ணன் மனைவியைக் கேட்டார். மனைவி "என்னத்துக்கு இப்பம் இந்தக் கேள்வி?" என்று சத்தம் போட்டு ஒரு பெகளம் வைத்தாள். கடைசியில் போனைப் பிள்ளையிடமே கொடுத்தார்கள். கடையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் தெளிவாகச் சொன்னது:

"பல்லி."

கிரேன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். மின்விசிறி தலையில் இடித்தது. "கேட்டியா! பல்லி! நீ கொண்டுபோய் ரோஸ் பொம்மையக் குடுத்திருப்பே!"

ரப்பர் பல்லி நீலச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் வாங்கிக்கொண்டு போனார். பிறந்தநாள் வீட்டில் கேக்கின்மேல் பல்லி ஏறியதாகவும், ஒரு சித்தி நாற்காலியோடு சாய்ந்ததாகவும் பிறகு செய்தி வந்தது. பிள்ளை மட்டும் பல்லியைக் கட்டிக்கொண்டுதான் தூங்கியதாம்.

கடைக்காரர் ஒருநாள் கைகூப்பிவிட்டார். "அண்ணே, உங்களுக்கு தெனமும் நான் சாயா வாங்கித் தாறேன். எதிர்க்கடையில போயி இருந்து குடிங்க. உங்க கேள்விக்குப் பயந்து ஒருத்தனும் உள்ள வரமாட்டேங்குறான்."

டிசம்பர் வந்தால் அவர் வேறு ஆள். வீடுகளில் நட்சத்திரம் தொங்க ஆரம்பிக்கும்போதே அங்கியை வெயிலில் போட்டுவிடுவார். பஞ்சுத் தாடியை அலசி, கிளிப் போட்டு மாட்டுவார். அவர் ஆட்டத்தை ரசித்துச் சபையில் அந்த அங்கியைக் கொடுக்கவில்லை. வேறு ஆள் கிடைக்காமல் ஒரு வருஷம் கொடுத்தார்கள், பிறகு அது அவரோடு ஒட்டிக்கொண்டது. தாடி காய்வதைக் காவல் காத்தபடி ஒரு சாயங்காலம் என்னிடம் சொன்னார்:

"மற்ற நாள்ல நான் ஒரு வீட்டுக்குப் போனா, 'என்ன காரியம்?'னு கேப்பினும். காரியம் இல்லாம ஒருத்தன் எப்பிடிப் போவான்? இந்தச் சட்டையப் போட்டா யாரும் கேக்கமாட்டினும் மக்கா. அடுக்களை வரைக்கும் போலாம். பிள்ளைகள் மடியில ஏறும். வருசத்துல இந்த ஒரு வாரந்தான் எனக்கு எல்லா வீட்டுலயும் சாயா."

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மேற்கொண்டு நடந்ததெல்லாம் அந்தச் சட்டையைப் பற்றியதுதான்.

எங்கள் சபையில் கிறிஸ்மஸ் மரத்து ஆராதனை என்று ஒன்று உண்டு. சாயங்காலம் பிள்ளைகள் பாட்டும் வசனமும் சொல்லி முடித்ததும், தாத்தா சாக்கோடு வந்து பரிசு கொடுப்பார். கமிட்டி மொத்தமாக இரண்டே சாமான்தான் வாங்கும். பையன்களுக்குக் கார், நீலத்தாள். பெண்களுக்குப் பொம்மை, ரோஸ்தாள். தாத்தா தாளைப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். பல வருஷம் கிரேனும் அப்படித்தான் கொடுத்தார். அந்த வருஷம் கமிட்டி ஒரு தவறு செய்தது. "வெளிநாடு கண்டவருல்லா, நல்லதா பாத்து எடுப்பாரு" என்று பரிசு வாங்குகிற பொறுப்பையும் அவரிடமே விட்டது.

ஆராதனையில் சாக்கு வந்தது. தாளே இல்லை. கிரேன் சாக்கைத் தூக்கி மேசையின்மேல் கவிழ்த்தார். கார், பொம்மை, ஜேசிபி, கிச்சன் செட், பந்து, டாக்டர் பெட்டி, டிரம், பம்பரம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. தாடிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "வந்து எடுங்க மக்களே. ஆளுக்கொண்ணு. யாருக்கு எது வேணுமோ அது."

ஒரு பிள்ளையும் அசையவில்லை. தாள் இல்லாத பரிசை அவர்கள் பார்த்ததே கிடையாது. எது யாருடையது என்று யாராவது சொல்லட்டும் என்று அம்மாக்களின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கிரேன் கட்டைவிரலை மேலே காட்டினார். தூக்கு.

முதலில் எழுந்தது சபைச் செக்ரட்டரியின் பேரன். நாலு வயது. நேராகப் போய்க் கிச்சன் செட்டை எடுத்தான். செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். "மக்கா, அது அக்காமாருக்கு உள்ளது. அத வெய்யி, காரை எடு." பேரன் காது கொடுக்கவில்லை. பீடத்துப் படியில் அடுப்பைப் பற்றவைத்து, சாயா போட்டு, போதகர் கையில் ஒரு கப்பைக் கொடுத்தான். போதகர் நல்ல மனுஷர். குடித்துப் பார்த்துவிட்டு, "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். பேரன் கப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய் வேறே சாயா போட்டான்.

அடுத்து கூட்டமாய் விழுந்தார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: பையன்களில் நிறையப் பேர் காரைத்தான் எடுத்தார்கள். பெண்களில் நிறையப் பேர் பொம்மையைத்தான் எடுத்தார்கள். கிரேனுக்கு அதிலும் குறைவில்லாத சந்தோஷம். "கொள்ளாம், கொள்ளாம்" என்று மெச்சி எல்லோர் தலையிலும் கை வைத்தார். ஆனால் இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி ஜேசிபியை எடுத்துக்கொண்டு குடிலுக்குள் இறங்கிவிட்டாள். வாலிபர் சங்கம் ஒரு வாரமாய் மணல் கொட்டிக் கட்டிய பெத்லகேம். அவள் தொழுவத்துக்குப் பக்கத்தில் வேலையை ஆரம்பித்தாள். ஆடுகள் சாய்ந்தன. யோசேப்பு குப்புற விழுந்தார். ஞானிகள் மூன்று பேரும் ஒட்டகத்தோடு மண்ணுக்குள் போனார்கள்.

"ஏட்டி, என்னட்டி செய்யுதே?" என்று அவள் அம்மா ஓடிவந்தாள்.

"கிணறு தோண்டுதேன். பாப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணி வேண்டாமா?"

அதற்குள் பெற்றோர்கள் மாற்றல் வேலையில் இறங்கிவிட்டார்கள். பையன் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கிப் பெண் கையில் கொடுப்பது, பெண் கையிலிருந்து டிரம்மைப் பிடுங்கிப் பையன் கையில் கொடுப்பது. அழுகைச் சத்தத்தில் கடைசிப் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. நடுவில் தாத்தா முழங்காலில் வயிற்றோடு நின்று, எல்லாப் பக்கமும் முஷ்டியை மூடி மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். நிறுத்து, நிறுத்து, நிறுத்து. அந்தச் சைகை பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

புதுவருஷம் கழிந்ததும் கமிட்டி கூடுவதாக இருந்தது. பேருக்கு நானும் அதில் ஓர் உறுப்பினர். முந்தின சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். "அண்ணே, ஒரு வார்த்த வருத்தம் சொல்லிருங்க. அடுத்த வருசம் தாளுல பொதிஞ்சு குடுத்துரலாம். சட்டைய விட்டுராதீங்க."

அவர் எழுந்து போய் முன்னறை விளக்கைப் போட்டார். கண்ணாடி ஷோகேஸ். வளைகுடாவில் ஆள் இருந்த வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அந்நிய நாட்டுப் பொம்மைகள், வந்த பெட்டியோடு, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் கிழியாமல் நிற்கும். விருந்தாளிகள் பார்ப்பதற்கு. அவர் வீட்டிலும் வரிசையாய் நின்றன. ரோஸ் நிறம் வெளுத்து, ஆறிப்போன தீப்புண் நிறத்துக்கு வந்திருந்தது. எல்லாப் பொம்மைக்கும் கண் திறந்திருந்தது.

"எல்லாம் எனக்க மோளுக்கு வாங்கினது. அங்க கடையிலயும் ரெண்டு பக்கந்தான் மக்கா. மோனுக்கு நீலம், மோளுக்கு ரோஸ். எத்தன வயசுக்குன்னு பெட்டியிலயே போட்டிருக்கும். எனக்கு ஒண்ணும் அறியவேண்டாம். பிள்ளைக்க முகம்கூட அறியவேண்டாம், பாத்துக்கோ. வயசு அறிஞ்சாப் போதும்."

"பிள்ள இத வெச்சி வெளையாடல்லியா?"

"அவளுக்க அம்மா அழுக்காயிரும்னு கண்ணாடிக்குள்ள வெச்சா. பிள்ள கேட்டுதா, அழுதுதா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. நான் இஞ்ச இல்லல்லா?" அவர் கண்ணாடியை விரலால் தொட்டார். "மோனுக்கு அனுப்பின கார் ஒண்ணுகூட மிச்சமில்ல. எல்லாம் ஒடச்சான். ஒடஞ்சா, வெளையாடினான்னு அர்த்தம். இதுல ஒண்ணும் ஒடயல்ல பாரு."

"அப்பம் அவ என்னத்த வெச்சிதான் வெளையாடினா?"

கிரேன் என்னை மேலிருந்து பார்த்தார். ஊரில் உள்ள அத்தனை பேரையும் கேட்ட கேள்வி அவரிடம் திரும்பி வந்து நின்றது.

"தெரியாது."

"போன்ல கேக்கலாம்லா?"

"இனி என்ன முகத்த வெச்சிக் கேக்க?"

நீலத்துக்கும் ரோஸுக்கும் பிரித்து விற்பது பிள்ளைகளுக்குக் கெடுதலா என்று படித்தவர்கள் இப்போது நிறையப் பேசுகிறார்கள். எனக்கு அந்த விவாதத்தில் தேர்ச்சி கிடையாது. ஆனால் அந்த முன்னறையில் நிற்கும்போது ஒன்று புரிந்தது. அந்தச் சுவர்கள் பிள்ளையை விளையாட விடாமல் தடுக்கிறதில்லை. பிள்ளை எப்படியும் ஒரு பல்லியைப் பிடித்துவிடும். அவை பெரியவர்களுக்கு ஓர் உபகாரம் செய்கின்றன. பிள்ளையைத் தெரிந்துகொள்கிற சிரமத்திலிருந்து நம்மை விடுவிக்கின்றன. அந்த உபகாரத்தில்தான் கெடுதல் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்த பிறகும் நாம் நிறுத்துவதில்லை. எங்கள் மாவட்டத்தில் பையனுக்கு எஞ்சினீயரிங், பெண்ணுக்கு நர்ஸிங். இதுவும் இரண்டு சுவர்தான். கேட்காமலே வாங்கி, கேட்காமலே பொதிந்து, விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம்.

கமிட்டியில் செக்ரட்டரி நியாயமாகத்தான் ஆரம்பித்தார். "நீரு பிள்ளைகளக் கொழப்பிட்டீரு."

"எந்தப் பிள்ள கொழம்பிச்சு? ஒண்ணக் காட்டும்."

"பெத்தவங்க கொழம்பிட்டாங்க ஓய்."

"அது சரிதான்" என்று கிரேன் ஒத்துக்கொண்டார்.

"நாங்கெல்லாம் வளரல்லியா? கார் வெச்சி வெளையாடித்தான் வளந்தோம். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"உமக்க பேரனுக்கு சாயா போட அறியும். உமக்கு அறியுமா?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. செக்ரட்டரியே சிரித்துவிட்டார். போதகர் மட்டும் சிரிக்காமல் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, சபையில சமாதானம் வேணும். அடுத்த வருசம் பழையபடி செய்யிறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அங்கி உங்களுக்குத்தான். உங்கள விட்டா யாரு?"

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் கை மடியிலிருந்து எழுந்தது. கட்டைவிரல் கொஞ்சம் மேலே வந்தது. எல்லா வீட்டுச் சாயாவும், மடியில் ஏறுகிற எல்லாப் பிள்ளைகளும் அந்த விரலில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பிறகு முஷ்டி மூடியது.

"பிள்ளையக் கேக்காம இனி நான் ஒண்ணும் குடுக்கமாட்டேன் ஐயா. அங்கி இந்தப் பையில இருக்கு. அலசித்தான் வெச்சிருக்கேன்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். பைக்குள் கையை விட்டார். "தலையணை எனக்குள்ளது."

கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தலையணையோடு அவர் தெருவில் நடந்து போனதை ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

அடுத்த கிறிஸ்மஸுக்குப் புதுத் தாத்தா வந்தார். செக்ரட்டரியின் மைத்துனர், ரப்பர் ஷீட் வியாபாரி. சொந்த வயிறு. அந்தி மயங்கும்போது கேரல் கோஷ்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. நான் எதிர்வீட்டில் கிரேனோடு இருந்தேன். அவர் நட்சத்திரம் போட்டிருந்தார். கேக் வெட்டி வைத்து, கோஷ்டி முழுவதற்கும் சாயா போட்டு வைத்திருந்தார். புதுத் தாத்தா ஆடினார். நன்றாகவே ஆடினார். வயிறு குலுங்கியது, ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆட்டம் முடிந்ததும், எல்லா வீட்டிலும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"இந்த வீட்டுல பிள்ளைகள் உண்டா?"

"இல்ல."

புதுத் தாத்தாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மிட்டாய்ப் பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து கிரேனின் கையில் வைத்தார். கிரேன் அதை வாங்கிக்கொண்டு, "நன்றி தாத்தா" என்றார். மேளம் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. போட்ட சாயாவில் பாதி ஆறிக் கிடந்தது. எனக்கு எழுந்து வர மனம் வரவில்லை.

அப்போது போன் அடித்தது. காதுக்காக ஸ்பீக்கரில்தான் பேசுவார். மகள்.

"ஹேப்பி கிறிஸ்மஸ் அப்பா. கேரல் வந்துதா? மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"சரி. அப்பம் வைக்கட்டா?"

அவர் மிட்டாயைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "மோளே, ஒரு காரியம் கேக்கட்டா?"

"என்னப்பா? சுகமில்லியா?"

"சுகந்தான். நீ சின்னதுல என்னத்த வெச்சி வெளையாடுவே?"

லைன் போய்விட்டது என்று போனைக் குலுக்கிப் பார்த்தார்.

"கயிறு" என்றாள் மகள்.

"என்ன கயிறு?"

"நீங்க வரும்போ பெட்டியக் கெட்டிக்கொண்டு வருவீங்கல்லா, அந்த நைலான் கயிறு. அம்மாவ அறுக்க விடமாட்டேன், முடிச்ச நாந்தான் அவுப்பேன். பெறகு பின்னால மாங்கொம்புல போட்டு செங்கல்லு தூக்குவேன். தம்பி கீழ நின்னு கை காட்டுவான்." அவள் சிரித்தாள். "பொட்டப்பிள்ளைக்கு மரத்துல என்ன வேலைன்னு அம்மா அடிப்பா. அப்பா? கேக்குதா?"

கிரேனின் போனைப் பிடிக்காத கை, அவருக்கே தெரியாமல், மடியிலிருந்து எழுந்தது. கட்டைவிரல் மேலே. பைய. இன்னும் பைய. கேட்டுக்கொண்டே தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தது அது.

"செங்கல்லு விழுந்துதா மோளே?"

"ஒருக்கக்கூட விழல்ல."

அன்றைக்கு அவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்துவிட்டேன். எதிர்வீட்டு வெளிச்சத்தில் அவர் நிழல் மட்டும் சுவரில் கை காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த மழைக்கு முன்னால் மகள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பூட்டிய வீட்டில் ஷோகேஸ் பொம்மைகள் கண்ணைத் திறந்தபடி இன்னும் நிற்கின்றன. அங்கே அவருக்கு என்ன வாழ்க்கை என்று கேட்டால், ஜன்னல் என்கிறார். மகளுக்கு ஷிஃப்ட். பகலெல்லாம் பனி. எதிரே ஒரு கட்டடம் எழும்புகிறதாம், அதற்கு ஒரு கிரேன் உண்டாம். இவர் ஜன்னலுக்குள் நின்று அதற்குக் கை காட்டுகிறார். "நான் சொல்லுக மாதிரியேதான் தூக்குறான் மக்கா. நல்ல பயலு."

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மறக்காமல் கூப்பிடுவார். சுகம் விசாரிப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவார்: "புதுத் தாத்தாவுக்கு வயிறு நழுவிச்சா?"

அது நழுவுகிற வயிறு இல்லை. அந்தியில் மேளச் சத்தம் கேட்டதும் நான் வாசலில் போய் நின்று, தெருமுனை வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நழுவவே நழுவாது.

"நாலாவது வீட்டுலயே நழுவிட்டு அண்ணே" என்பேன். "இப்பம் முழங்காலுக்கு வந்தாச்சு."